கை நீள்வதற்கு முன்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நான்கரை வயது. நூறு வரை எண்களை ஒப்பிக்கிறாள். ஆனால் சட்டைப் பொத்தான் நுழையாவிட்டாலோ, அடுக்கிய கட்டைகள் சரிந்தாலோ, "அம்மா, நீயே செய்" என்று அழத் தொடங்கிவிடுகிறாள். மூளைத்திறனை வளர்க்கும் என்று விற்கப்படும் புதிர் அட்டைகள் இரண்டு பெட்டி வாங்கினேன். அவற்றையும் நான்தான் சேர்த்து முடிக்கிறேன். அபாகஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

"அவற்றையும் நான்தான் சேர்த்து முடிக்கிறேன்" என்ற வரியிலேயே நீங்கள் தேடும் விடை இருக்கிறது. அபாகஸ் என்பது மணிகளை விதிப்படி நகர்த்திக் கணக்கிடும் பயிற்சி. சரிந்த கட்டையை என்ன செய்வது என்று தானே யோசிக்கும் பழக்கத்தை அது தரும் என்று நான் நினைக்கவில்லை. இந்த வயதில் அதற்கு அவசரமும் இல்லை.

டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய உளவியலாளர்கள் 1976-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றோடொன்று பொருந்தி பிரமிடாக எழும் 21 மரக்கட்டைகளை மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேரிடம் கொடுத்தார்கள். உடனிருந்த ஆசிரியை, இயன்றவரை பிள்ளையே செய்யட்டும் என்று விட்டு, முதலில் சொல்லால் உதவி, அது போதாதபோது மட்டுமே செய்துகாட்டினார். மூன்று வயதினரை வேலைக்குள் இழுப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. நான்கு வயதினருக்குச் சொல்லித் திருத்துவது உதவியது. ஐந்து வயதினரோ பெரும்பாலும் செய்தது சரிதானா என்று கேட்கவே அவரிடம் வந்தார்கள். இவ்வகை உதவிக்கு அந்த ஆய்வாளர்கள் வைத்த பெயர், கட்டட வேலையில் நாம் சொல்லும் 'சாரம்'. சுவர் தானே நிற்கத் தொடங்கியதும் சாரத்தைப் பிரிக்க வேண்டும். நம் வீடுகளில் அதைப் பிரிக்காமலே வெள்ளையடித்துவிடுகிறோம்.

பொத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையை உடம்பில் போடாமல் பாயில் விரித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதால் அங்கே அது எளிது. "எங்கே சிக்குகிறது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால், துளையை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கும் நகராவிட்டால், பொத்தானைப் பாதி நுழைத்துவிட்டு, மறுபுறம் இழுக்கும் வேலையை அவளுக்கே விடுங்கள். ஒவ்வொரு படிக்கும் இடையே காத்திருக்க வேண்டும் என்பதுதான் கடினம். என் பேரன் விஷயத்தில் மனத்துக்குள் இருபது எண்ணுவதாக முடிவு செய்திருந்தேன். ஏழிலேயே என் கை நீண்டுவிட்டது.

1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பிழையைப் பெரியவர் சொல்லக் கூடாது, பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கருதியவர். அவருடைய மரச்சட்டத்தில் பத்து உருளைகளுக்குப் பத்துக் குழிகள் உண்டு. சிறிய உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை இடமின்றி வெளியே நிற்கும். அதில் ஆழ்ந்துபோன ஒரு சிறுமி நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அச்சட்டத்தை நீங்கள் தேடி வாங்க வேண்டியதில்லை. அடுக்களையில் அளவு மாறும் எவர்சில்வர் டப்பாக்கள் ஏழெட்டையும், கலைத்துப் போட்ட அவற்றின் மூடிகளையும் கொடுத்தால் போதும். தவறான மூடி தானாகவே பொருந்தாமல் போகும். "அப்படி இல்லை" என்று நீங்கள் சொல்ல நேராது.

அந்தப் புதிர் அட்டைகளில் துண்டுகள் அதிகம் என்றால், கடைசி மூன்றைத் தவிர மற்றவற்றை நீங்களே பொருத்தி வைத்துக் கொடுங்கள். அடுத்த வாரம் ஐந்தை விடுங்கள்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பள்ளி வேன் வாசலில் ஒலியெழுப்பும் காலை நேரத்திலும், அவள் பசியிலும் தூக்கத்திலும் இருக்கும்போதும் இவற்றை முயலாதீர்கள். அப்போது அவள் அழுதால் பொத்தானை நீங்களே மாட்டிவிடுங்கள். மாலையில் பாயை விரித்துக்கொள்ளலாம்.