வட அயர்லாந்திலிருந்து வரும் அதிகாரிகளால் என் மகனின் பிரமோஷன் போய்விடுமா?

கேள்வி: சொந்த ஊர் நாகர்கோவில். டப்ளினில் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். மகன் இங்கே கார்டா எனப்படும் அயர்லாந்து நாட்டுப் போலீஸில் சார்ஜென்ட். இன்ஸ்பெக்டர் பதவிக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன் திடீரென்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டான். "மேல் பதவிக்கெல்லாம் வட அயர்லாந்து போலீஸ்காரங்களும் மனுப் போடலாமாம். அப்புறம் நான் உழைச்சு என்ன பிரயோஜனம்? ஆஸ்திரேலியாவுக்குப் போறேன்" என்கிறான். அவன் கோபம் நியாயமா? நான் என்ன சொல்லட்டும்?
– ஒரு தாய், டப்ளின்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வட அயர்லாந்துக்காரர்களுக்கு வழி விட்டிருப்பது இன்ஸ்பெக்டருக்கு மேலே, சூப்பரின்டெண்டன்ட் பதவியிலிருந்துதான். உங்கள் மகன் இப்போது மோதப்போவது கூட வேலை பார்க்கும் சார்ஜென்ட்களோடு மட்டுமே.

இது நேற்று முளைத்த ஏற்பாடும் இல்லை. பிரிட்டனின் கீழ் உள்ள வட அயர்லாந்தின் போலீஸைச் சீரமைக்க 1999-ல் வந்த பேட்டன் அறிக்கை, எல்லையின் இருபுறமும் அதிகாரிகள் போய்வர வேண்டும் என்றது. 2002 ஏப்ரலில் டப்ளினும் லண்டனும் ஒப்பந்தம் போட்டன. அங்குள்ளவர் இங்கே மனுப் போடலாம், இங்குள்ளவர் அங்கே போடலாம். அந்த இரண்டாவது பாதியை உங்கள் மகனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஒப்பந்தம் வெகுகாலம் காகிதத்தில்தான் கிடந்தது. அதற்கு உயிர் வந்தது கார்டாவின் சொந்தச் சொதப்பல்களால். உள்ளே நடந்த தவறுகளை வெளியே சொன்ன ஒரு சார்ஜென்டை நடத்திய விதம் பெரிய பிரச்சினையாகி, 2014-ல் கார்டாவின் தலைவரான கமிஷனர் மார்ட்டின் காலினன் பதவியை விட்டுப் போனார். 2017 தொடக்கத்தில், சூப்பரின்டெண்டன்டிலிருந்து உதவி கமிஷனர் வரையிலான நியமனங்கள் அரசின் கையிலிருந்து தனி அமைப்பு ஒன்றிடம் போயின. அதே ஆண்டில் இன்னொரு கூத்து அம்பலமானது. சாலையில் குடிபோதைக்காக ஊதச் சொல்லும் சோதனை இருக்கிறதே, அதைச் செய்யாமலே செய்ததாகப் பதிந்த கணக்கு ஏறக்குறைய 15 லட்சம்! இத்தனை வருடம் ஒரே வீட்டுச் சமையலைச் சாப்பிட்டவர்களுக்கு உப்புக் குறைவது தெரியவில்லை. வெளியாள் வேண்டும் என்று மக்கள் கேட்டதில் தப்பே இல்லை என்பேன்.

2018-ல் வந்தார் ட்ரூ ஹாரிஸ். வட அயர்லாந்து போலீஸின் துணைத் தலைவராக இருந்தவர். அவருடைய அப்பாவும் அங்கே போலீஸ் அதிகாரி, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கம் 1989-ல் வைத்த குண்டில் இறந்தவர். அப்படிப்பட்டவர் டப்ளினில் கமிஷனர் நாற்காலியில் உட்கார்ந்தது சின்ன விஷயமா? 2023-ல் கார்டா சங்கம் அவர்மீது நம்பிக்கை இல்லை என்று வாக்களித்தது, 98.7 சதவீதம். மகன் இதை நிச்சயம் சொல்லிக்காட்டுவார். ஆனால் அந்தச் சண்டையின் மையம் ஷிஃப்ட் அட்டவணை. உள்ளூர்க் கமிஷனர் அதே அட்டவணையைப் போட்டிருந்தாலும் கொந்தளித்திருப்பார்கள். 2025-ல் ஹாரிஸ் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்த ஜஸ்டின் கெல்லி, கார்டாவிலேயே வளர்ந்தவர். உள்ளூர்க்காரர்களுக்கு மேலே போகும் வழி அடைந்துவிடவில்லை.

அதற்காக உங்கள் மகனின் குறையை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். வட அயர்லாந்தில் சட்டம் வேறு. அங்கே போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி. இங்கே சீருடை கார்டாக்களில் பெரும்பாலோர் கையில் துப்பாக்கியே கிடையாது. துப்பாக்கியோடு ரோந்து போய்ப் பழகிய அதிகாரிக்கு, வெறும் பேச்சை வைத்தே கூட்டத்தைக் கலைக்கும் ஸ்டேஷனை நடத்தும் பக்குவம் உண்டா என்று தேர்வுக் குழு கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காமல் எடுத்தால் சங்கம் தாராளமாகச் சத்தம் போடட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். 2005 வரை கார்டாவில் சேர ஐரிஷ் மொழி கட்டாயம். அந்த விதியைத் தளர்த்தியபோது, வெளியார் நுழைகிறார்கள் என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். வெளியிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சீருடை போட அந்தத் தளர்வுதான் வசதி செய்தது. இதை நீங்கள் சொல்லாதீர்கள், அம்மா சொன்னால் குத்திக்காட்டுவதாகத்தான் படும். அவராகவே யோசிக்கட்டும்.

வேலை விஷயத்துக்கு வருவோம். டண்டாக், மோனஹன், டோனெகல் என்று எல்லைப் பக்கம் ஒரு போஸ்டிங் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எல்லை தாண்டும் குற்றங்களுக்காக 2015 ஒப்பந்தத்தில் உருவான கூட்டுப் பணிக்குழு இருக்கிறது. அது சம்பந்தப்பட்ட வேலை கிடைத்தால் விடவே கூடாது. நாளைக்கு சூப்பரின்டெண்டன்ட் இன்டர்வியூவில் பக்கத்து நாற்காலியில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்காரர் இருந்தால், அவர் ஊர் வேலைமுறையும் இவருக்குத் தெரிந்திருக்கும். இவருடைய ஸ்டேஷன் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆஸ்திரேலியாவா? சமீப ஆண்டுகளில் மேற்கு ஆஸ்திரேலியப் போலீஸ் அயர்லாந்திலிருந்து ஆள் எடுத்தது உண்மைதான். ஆனால் எந்தப் பதவியில் சேர்ப்பார்கள், சார்ஜென்ட் பட்டை கூட வருமா என்பதை எழுத்தில் வாங்காமல் இங்கே ராஜினாமா கொடுக்க வேண்டாம். இன்ஸ்பெக்டர் ரிசல்ட் வரட்டும், அப்புறம் டிக்கெட் விலை பார்க்கலாம்.