மெடிக்கல் ஷாப் மாத்திரையில் மகள் தூங்குகிறாள், தொடரலாமா?

கேள்வி: கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். கணவர் இறந்து எட்டு மாதம். கடன்காரர்கள் வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள். பத்தாவது படிக்கும் மகள் இரவு இரண்டு மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறாள், பகலில் எரிந்து விழுகிறாள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளாக அதில் பாதி போட்டுத் தூங்குகிறாள். தொடரலாமா? தூக்கம் வந்தால் மனசும் சரியாகிவிடுமா?

பதில்: தொடர வேண்டாம் அம்மா. நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். மாத்திரை அட்டையோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

அப்பாவின் சாவு, வாசலில் கடன்காரர். இப்படி அடி விழும்போது உடம்பு இரவிலும் உஷாராகவே இருக்கும், தூக்கம் வராது. தூக்கம் கெட்டால் மறுநாள் சின்னச் சொல்லும் பெரிதாகக் குத்தும். அந்த வருத்தம் மறுபடி தூக்கத்தைக் கெடுக்கும். துக்கப்பட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. துக்கத்தோடு தூக்கமின்மையும் வாரக்கணக்கில் சேரும்போது மனச்சோர்வு என்ற நோய்க்கான வாய்ப்பு இன்னும் கூடுகிறது. இந்த வயதில் அது பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலாக வரும். நீங்கள் திமிர் என்று நினைத்திருப்பீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு மணிக்குத் தூங்கும் எல்லாப் பிள்ளைக்கும் மனச்சோர்வு இல்லை. பருவ வயதில், தூக்க நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகச் சுரப்பதால் தூக்க நேரமே பின்னால் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட பிள்ளை லீவு நாளில் பத்து மணி வரை நிம்மதியாகத் தூங்கும். எழுந்தால் நன்றாகச் சாப்பிடும், தோழிகளோடு சிரிக்கும். மாத்திரை தொடங்கும் முன் உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி இருந்தாள்? லீவிலும் தூக்கமில்லை, பிடித்ததில்கூட நாட்டமில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இதே நிலை என்றால் அது வெறும் நேரக் கோளாறு இல்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பத்தாவது என்றாலே விடிந்ததும் ஸ்பெஷல் கிளாஸ், இருட்டியதும் டியூஷன் என்று வைக்கும் பள்ளிகளுக்கு இதை யார் சொல்வது?

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பதற்றத்தைக் குறைத்துத் தூங்கவைக்கும் அல்பிரசோலம் போன்றதாக இருந்தால், அது டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத ஹெச்1 பட்டியல் மருந்து. யாருக்கு விற்றார் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் பெயரை எழுதினாரா? அந்த மருந்து தூங்க வைக்கும், மனச்சோர்வைத் தொடாது. வாரக்கணக்கில் போட்டால் உடம்பு அதையே கேட்கும். பிறகு திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், சிலருக்கு வலிப்பே வரும். பத்துப் பதினைந்து ரூபாய் லாபத்துக்காக ஒரு சின்னப் பெண்ணுக்கு இதைக் கொடுக்கிறார்கள்.

அடுத்து, “மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சென்டர் இருக்கு, ஒரு மாசம் தங்கவெச்சா சரியாயிடும்” என்று ஒருவர் வருவார். ஆள் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன், உங்களுக்கு இன்னொரு கடன். கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போங்கள். பக்கத்து அரசு மருத்துவமனை என்றால், மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று முதலில் கேளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரை “நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்ப நம் ஆட்கள் கொஞ்சமும் கூச்சப்படுவதில்லை. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

வீட்டில், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். பகல் தூக்கம் வேண்டாம். கடன்காரர்களிடம் பெரியவர் ஒருவரை விட்டு வேறு இடத்தில் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்று மகளிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால், பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே அப்புறப்படுத்துங்கள். அந்த மாத்திரை அட்டையும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.