‘விதர்’ எங்கே நோக்கி? – ஆங்கிலக் கேள்வி பதில்

கே: ஆங்கிலத்தில் ‘வேர்’ (where) இருக்கும்போது ‘விதர்’ (whither) எதற்கு?

ப: இருக்கும் இடத்தைக் கேட்க ‘வேர்’, போகும் இடத்தைக் கேட்க ‘விதர்’ என்று முன்பு பிரித்து வைத்திருந்தார்கள். நாம் ‘எங்கே இருக்கிறாய்’, ‘எங்கே போகிறாய்’ இரண்டையும் ஒரே ‘எங்கே’யில் முடித்துவிடுகிறோம்; இன்றைய ஆங்கிலமும் அப்படியே ஆகிவிட்டது. ஜெர்மனிலோ ‘வோ’, ‘வோஹின்’ என்று அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது.

கூடப் பிறந்தவை: ஹிதர் (இங்கு நோக்கி), திதர் (அங்கு நோக்கி). எதிர்த்திசைக்கு ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்: இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. ‘விதர்’, ‘ஹிதர்’ இரண்டிலும் ‘த’வை ‘அது’வில் வருவதுபோல் மென்மையாகச் சொல்லுங்கள். இந்தி தெரிந்தவர்கள் ‘இதர்’ என்பதை நினைத்துக்கொண்டால் ‘ஹிதர்’ மறக்காது.

கே: ‘விதர் ஆர் யூ கோயிங் டு?’ சரியா?

ப: தவறு. ‘க்கு’ என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கடைசி ‘டு’வை வெட்டுங்கள். அதே கணக்கில் ‘ஃப்ரம் வென்ஸ்’ஸும் இரட்டிப்புதான். ஆனால் 1611 ஆங்கில பைபிளின் 121ஆம் சங்கீதத்திலேயே அது வருகிறது. பிறர் எழுதினால் அடிக்காதீர்கள். நீங்கள் எழுதும்போது வெறும் ‘வென்ஸ்’ போதும்.

கே: ‘விதர் இந்தியா?’ என்பதில் வினைச்சொல்லே இல்லையே?

ப: ‘இந்தியா எதை நோக்கி?’ என்ற தலைப்பு நடை அது. 1933இல் நேரு எழுதிய கட்டுரைத் தொடரின் தலைப்பும் இதுவே. இரண்டாம் எழுத்தான ‘எச்’ விடுபட்டால் ‘வாடு’ என்ற வேறு சொல்லாகிவிடும். அதுவும் சரியான சொல் என்பதால் கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

கே: ஜூலியட் ‘வேர்ஃபோர்’ என்று ரோமியோவைத் தேடுகிறாளா?

ப: இல்லை. ‘வேர்ஃபோர்’ என்றால் ‘ஏன்’. பகைக் குடும்பத்து ரோமியோவாக ஏன் இருக்கிறாய் என்கிறாள்.

கே: அலுவலக மெயிலில் இவற்றை எழுதலாமா?

ப: ஹிதர், விதர் வேண்டாம், நாடகத்தனமாக இருக்கும். ‘ஹென்ஸ்’ எழுதலாம், இடம் பார்த்து. வாக்கியத் தொடக்கத்தில் ‘ஆகவே’. ‘ஃபைவ் இயர்ஸ் ஹென்ஸ்’ என்றால் இன்றிலிருந்து ஐந்தாண்டு கழித்து. ‘முன்பு’ என்று படித்துவிடாதீர்கள்.

‘தென்ஸ்’ அமெரிக்க நிலப் பத்திரங்களில் இன்றும் வேலை செய்கிறது. ஒரு மூலையில் தொடங்கி, ‘தென்ஸ்’ வடக்கே இத்தனை அடி, ‘தென்ஸ்’ கிழக்கே இத்தனை அடி என்று நடந்து, தொடங்கிய புள்ளியில் முடிப்பார்கள். நகலெடுக்கும்போது ஒரு ‘தென்ஸ்’ வரி விட்டுப்போனால் எல்லைக்கோடு மூடாது.