வாசகர் கேள்விகள்: மாட்டுப் பட்டிக்கு இரும்புக் கூடு

கேள்வி (மல்லாவி): எங்களிடம் நாட்டு மாடு 20, ஜேர்சிக் கலப்பு 4. தடுப்பூசி நாளில் வார்க்கயிறு எறிந்து, மரத்தில் கட்டி, விழுத்தித்தான் பிடிக்கிறோம். மாட்டை நிறுத்திப் பிடிக்க வெளிநாட்டு மாதிரியில் செய்த இரும்புக் கூடு ஒன்று விலைக்கு வருகிறது. நீளம் 8 அடி, உள்ளகலம் 28 அங்குலம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 28 அங்குலம் 500, 600 கிலோ எடையுள்ள ஐரோப்பிய மாடுகளுக்கான அளவு. 200 கிலோ நாட்டுப் பசுவை அதற்குள் விட்டால் அது திரும்பி உங்களைப் பார்த்து நிற்கும். திரும்புகிற மாட்டைவிடப் பாதி திரும்பி வளைந்து இறுகிய மாடு பெரிய கரைச்சல். அதை முன்னுக்கும் எடுக்க முடியாது, பின்னுக்கும் எடுக்க முடியாது. நாட்டு மாட்டுக்கு 20 அங்குலம் போதும், கலப்புப் பசுவுக்கு 24 வேண்டும். இரண்டும் உள்ள உங்கள் பட்டிக்கு 24இல் அடித்து, ஒரு பக்கத்தில் 4 அங்குலம் உள்ளே தள்ளி நிற்கும்படி பலகைத் தட்டி ஒன்றைக் கொளுக்கியில் மாட்டுங்கள். முதலில் நாட்டு மாடுகளை விட்டு முடித்து, தட்டியைக் கழற்றிய பின் கலப்பு மாடுகளை விடலாம்.

கூட்டை மட்டும் வாங்கி முற்றத்தில் வைத்தால் எந்த மாடும் தானாக அதற்குள் போகாது. முதலில் பட்டி, பிறகு ஒடுங்கிவரும் சிறு அடைப்பு, அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கை, கடைசியாகத்தான் கூடு. கால்நடை வைத்தியர்கள் கிறஷ் என்பது இந்தக் கடைசிப் பகுதியை. மாட்டுக்கு 20 சதுர அடி வீதம் 24 மாட்டுக்கு 20 அடிக்கு 24 அடிப் பட்டி காணும். ஒடுங்கும் அடைப்பில் ஒரு பக்கத்தை ஒழுங்கையோடு நேராக விட்டு, மற்றப் பக்கத்தை மட்டும் 30 பாகை சரித்து அடியுங்கள். இரு பக்கமும் சரித்தால் புனலில் அடைத்ததுபோல வாயில் இரண்டு மாடு ஒன்றாக இறுகும். அந்த அடைப்பில் ஒரு தடவைக்கு நாலைந்துக்கு மேல் விட வேண்டாம். பாதி வெறுமையாக இருந்தால்தான் மாடு திரும்பி வாசலைக் காணும்.

இவ்வளவையும் இரும்பில் செய்யத் தேவையில்லை. பட்டிக்கும் ஒடுங்கும் அடைப்புக்கும் பனங்குற்றியும் பழைய மரமும் தாராளம். ஆளும் மாடும் ஒரு கை தூரத்தில் நிற்கிற ஒழுங்கைக்கும் கூட்டுக்குமே இரும்பு வேண்டும். காசு குறைந்தால் ஒழுங்கையையும் மரத்தில் விட்டுவிட்டு, கழுத்தைப் பிடிக்கும் தலைப்பூட்டை மட்டும் நல்ல இரும்பில் செய்வியுங்கள்.

கேள்வி (துணுக்காய்): ஒழுங்கையும் கூடும் நாங்களே அடிக்கப் போகிறோம். எந்தக் குழாய், எத்தனை வேண்டும்? பெட்டிக் குழாய் மலிவாக இருக்கிறதே?

பதில்: கணக்கைக் குழாயின் நீளத்திலிருந்து தொடங்குங்கள். கடையில் வருவது 20 அடி. ஒழுங்கையையும் கூட்டையும் சேர்த்துச் சரியாக 20 அடிக்குள் அமைத்தால் ஒரு வரிக்கு ஒரு முழுக் குழாய் வெட்டில்லாமல் ஓடும். முன்பக்கம் 5½ அடி கூடு, அதன் பின்னே வைத்தியர் மாட்டின் பின்பக்கம் வர 2 அடி வாசல், மீதி 12½ அடி ஒழுங்கை. வாசல் ஒரு பக்கத்தில் போதும். அங்கே வெட்டியெடுக்கும் துண்டுகளே அந்தக் கதவின் சட்டங்களாகிவிடும்.

கிடைச் சட்டங்களுக்கு ஒன்றரை அங்குல நாகம் (சிங்க்) பூசிய குழாய், பக்கத்துக்கு 5 வரி, மொத்தம் 10. தூணுக்கு 2 அங்குலக் குழாய். தூண் ஒன்று 8 அடி: 5 அடி மேலே, 3 அடி மண்ணுக்குள். பக்கத்துக்கு 5 தூண், எல்லாம் 10. ஒரு குழாயில் இரண்டு தூண்தான் வரும் என்பதால் 5 குழாய் வேண்டும். மிஞ்சும் 4 அடித் துண்டு ஐந்தையும் எறிய வேண்டாம், மாட்டின் பின்னால் குறுக்கே செருகும் தடைகள் அவைதான். தலைப்பூட்டுக்கு 2 அங்குலத்தில் இன்னும் ஒரு குழாய் எடுங்கள்.

வரிகளுக்கிடையில் வெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கக்கூடாது. நிலத்திலிருந்து 8, 8, 9, 11, 12 அங்குலம் என்று மேலே போகப் போகக் கூட்டுங்கள். கீழே அகன்றால் கன்று தலையை விட்டுக்கொள்ளும், விழுந்த மாடு காலை வெளியே நீட்டி முறிக்கும். இந்தக் கணக்கில் வேலியுயரம் ஏறத்தாழ 4 அடி 10 அங்குலம் வரும். பாய்கிற நாம்பன் இருந்தால் மேலே ஒரு வரி சேருங்கள். அதற்குத் தூணையும் ஓரடி நீட்ட வேண்டும்.

குழாயைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள், நிறுத்து வாங்குங்கள். நடுத்தர வகுப்பில் ஒன்றரை அங்குலக் குழாயின் சுவர் 3.2 மில்லிமீற்றர், 20 அடி நீளம் 21, 22 கிலோ வரும். 2 அங்குலத்துக்குச் சுவர் 3.6 மில்லிமீற்றர், நிறை 30, 31 கிலோ. தராசு 15 கிலோ காட்டினால் அது தண்ணீர்ப் பந்தலுக்கு நல்லது, மாட்டுக்கு அல்ல. வீட்டுப் படலைக்கு அடிக்கிற மெல்லிய பெட்டிக் குழாய் முதல் உதையிலேயே நெளியும். அதன் விளிம்பு விலாவைக் கன்ற வைக்கும், உள்ளே தண்ணீர் தங்கிக் கறள் தின்னும். கோண இரும்பை மாடு உரசும் பக்கத்துக்கு நினைக்கவே வேண்டாம். சட்டங்களைத் தூணின் உட்பக்கம் வைத்து ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் மாடு தள்ளும் தள்ளெல்லாம் ஒட்டிலே விழும்.

நாகம் பூசிய குழாயை ஒட்டும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். ஒட்டும் இடத்துக்கு இருபுறமும் இரண்டு அங்குலத்துக்கு நாகப்பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில் வைத்து ஒட்டி, பிறகு நாகத்தூள் கலந்த பூச்சை இரண்டு தடவை பூசுங்கள். திறந்த குழாய் முனை எல்லாவற்றையும் மூடுங்கள். மழைநீரோடு குளவியும் குடிவரும்.

கேள்வி (முருங்கன்): போன மாரிக்குப் பிறகு தூண்கள் சரிந்து, படலை பூட்டுப்படவில்லை. கொங்கிறீற் போட்டுத்தானே நட்டோம்?

பதில்: உங்கள் பகுதிக் கருங்களி மழையில் ஊதும், கோடையில் கைவிரல் போகுமளவு வெடிக்கும். மேலகலமும் கீழகலமும் ஒன்றாக வெட்டிய குழியில் இருக்கும் தூணை அது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பிடுங்கும். குழியை அலவாங்கால் வெட்டும்போது அடிப்பக்கத்தைப் பானைபோல அகட்டி, ஆழத்தை மூன்றரை அடியாக்குங்கள். தூணின் அடியில் ஓர் இரும்புத் துண்டைக் குறுக்கே ஒட்டிவிட்டு இறக்கினால் மேலெழாது.

செம்மண் தரைக்கு ஓரடி விட்டம், மூன்றடி ஆழம் காணும். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு என்று குழைத்தால் 50 கிலோப் பை ஒன்றில் இரண்டு குழி நிரம்பிச் சற்று மிஞ்சும். பத்துத் தூணுக்கு ஐந்து பை எடுத்தால் குறையாது. ஒழுங்கைத் தரைக்கு 4 அங்குலத் தடிப்பில் இன்னும் மூன்று பை. கொங்கிறீற்றைத் தூணைச் சுற்றி நிலத்துக்கு மேலே இரண்டு அங்குலம் ஏற்றிச் சரிவாக முடியுங்கள். சாணமும் மூத்திரமும் தேங்குகிற அந்த வளையத்தில்தான் தூண் கறள்பிடித்து முறியும். தரையைக் கரண்டியால் மினுக்கிவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே 8 அங்குலத்துக்கு ஒன்றாக, ஓர் அங்குல ஆழத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடு அழுத்துங்கள். வழுக்கி விழுந்த மாடு அடுத்த முறை அந்த ஒழுங்கைக்குள் லேசில் வராது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): தலைப்பூட்டில் நின்ற பசு முழங்காலில் விழுந்து மூச்சுத் திணறிவிட்டது. கொண்டியைக் கழற்ற முடியாமல் போய்விட்டது. எப்படித் தவிர்ப்பது?

பதில்: கழுத்தைப் பிடிக்கும் கம்பி வளைந்ததா, நேரானதா என்று பாருங்கள். வளைந்த கம்பி தலையை அசையாமல் பிடிக்கும், ஆனால் மாடு விழுந்தால் வளைவு தொண்டையிலேயே அழுத்தும். கீழே கூராக முடியும் கத்தரிக்கோல் மாதிரியும் அப்படித்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியாக நிற்கும் நேர்க்கம்பி இரண்டென்றால் மாடு படுத்தாலும் கழுத்து கம்பியோடு வழுகி இறங்கும். தலை கொஞ்சம் மேலும் கீழும் ஆடும் என்பதே அதன் குறை. ஊசிக்கும் அடையாளக் காதுத் தோட்டுக்கும் அது பெரிய குறையில்லை.

மூடிய இடைவெளியை 5 முதல் 8 அங்குலம் வரை ஓரங்குலப் படியாக மாற்றத் துளை போடுங்கள். திறந்தால் 20 அங்குலமாவது விரிய வேண்டும். அப்போதுதான் மாடு முன்னுக்கே வெளியேறும். கொம்புள்ள மாட்டுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை சரிவராது. கொம்பு முதலில் கம்பியில் தட்டும், தலை வரமுன்னே பூட்டு விழும்.

கொண்டிக்கு ஒரே பரிசோதனை: பூட்டிய கம்பியில் இருவர் முழுப் பலத்தோடு சாய்ந்துகொள்ள, மூன்றாமவர் ஒற்றைக் கையால் திறக்க வேண்டும். இழுவை விழுந்ததும் இறுகுகிற கொண்டியும், சங்கிலிப் பூட்டும் ஆபத்து. பின்தடையைப் பின்காலின் கணுவுக்கு மேலே, 24, 26 அங்குல உயரத்தில் செருகுங்கள். வைத்தியர் மாட்டின் பின்னால் நின்று சினை பார்க்கும்போது அவருக்குப் பின்னாலும் ஒரு தடை கட்டாயம். இல்லாவிட்டால் அடுத்த மாடு அவரை முட்டும்.

கேள்வி (பூநகரி): கூடு புதிது, பலம். ஆனால் மாடு வாசலிலேயே நின்றுவிடுகிறது. பொல்லால் அடித்தாலும் போவதில்லை.

பதில்: பொல்லை வைத்துவிட்டு, நீங்கள் குனிந்து மாட்டின் கண்ணுயரத்தில் ஒழுங்கைக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். தொங்கும் சங்கிலி, வேலியில் காயும் துணி, தரையில் விழும் சட்ட நிழல், நேரே முகத்தில் அடிக்கும் வெயில், இவற்றில் ஏதோ ஒன்று அங்கே இருக்கும். தலைப்பூட்டு வடக்கே பார்த்திருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் முகத்தில் விழாது. ஆட்கள் நிற்கும் பக்கத்தைச் சாக்கால் மூன்றரை அடி உயரத்துக்கு மறையுங்கள். தகரம் அடித்தால் சோளகக் காற்றில் அடிபட்டுச் சத்தம் போடும், நண்பகலில் அடுப்பாகவும் கொதிக்கும். இரும்போடு இரும்பு மோதும் இடமெல்லாம் பழைய ரயர் ரியூப்பை வெட்டிச் சுற்றுங்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். மாட்டின் தோளுக்குப் பின்னே நின்றால் அது முன்னே போகும், தோளுக்கு முன்னே வந்தால் பின்வாங்கும். பலர் தலைக்கருகில் நின்றுகொண்டு வாலில் அடிக்கிறார்கள். மாடு எந்தப் பேச்சைக் கேட்பது?

ஊசி நாளுக்கு ஒரு கிழமை முன்பிருந்தே தலைப்பூட்டைத் திறந்து வைத்து, தினமும் காலையில் அதனூடாகவே மாடுகளை மேய்ச்சலுக்கு விடுங்கள். வெளிப்பக்கத்தில் ஒரு பிடி தவிடு வையுங்கள். உப்புக்காற்றுக்குப் பூட்டின் பிணைச்சல்களில் மாதம் ஒருமுறை கிறீஸ் பூசுவதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (நெடுங்கேணி): இதே கூட்டில் எருமையையும் விடலாமா?

பதில்: வளர்ந்த எருமை 24 அங்குலத்துக்குள் அடங்காது, விரிகொம்பு தலைப்பூட்டுக்குள் வராது. இரண்டு பலமான தூணுக்கிடையில் விட்டு, கொம்பில் கயிறு போட்டுப் பின்தடை செருகுவதே லேசு. எருமைக் கன்றுகளைத் தாராளமாக விடலாம்.