மகள் ‘பேஜிங்’ படிக்கிறாள், வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. கூடப் படிப்பவர்கள் ஏஐ, வெப் டெவலப்மென்ட் என்று வகுப்பு வகுப்பாக ஓட, இவள் மட்டும் ரேமுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ‘பேஜ்’ போய் வருவதைப் பற்றி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறாள். “இதற்கெல்லாம் யார் வேலை கொடுப்பார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. வேறு பெயர்களில் வரும். எண்ணிக்கை குறைவு, நுழைவதும் சிரமம். ஆனால் போட்டிக்கு வருகிற கூட்டமும் குறைவு.

முதலில் அவள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியட்டும். ரேம் என்கிற நினைவகம் வேகமானது, ஆனால் சிறியது. டிஸ்க் பெரியது, ஆனால் மெதுவானது. கணினியை நடத்தும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக (அதுதான் ‘பேஜ்’) பிரித்துவைத்துக்கொள்ளும்; பல கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். இடம் போதாதபோது, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கத்தை டிஸ்க்குக்கு அனுப்பிவிடும். புரோகிராம் அதை மறுபடி தொட்டால், புரோகிராமை நிறுத்திவைத்துவிட்டு, பக்கத்தை டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்து வைத்த பிறகு ஓடவிடும். நடந்தது எதுவும் புரோகிராமுக்குத் தெரியாது. இந்தப் போக்குவரத்துதான் பேஜிங். யோசனை பழையதுதான்: மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, டிஸ்க்குக்குப் பதில் சுழலும் காந்த டிரம்மை வைத்துக்கொண்டு இதையே செய்தது.

எந்தப் பக்கத்தை அனுப்புவது என்பதில் ஏன் இவ்வளவு மண்டை உடைக்கிறார்கள்? ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில், சுழலாத புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டிக்குக் கால்மணி நேரம்கூட ஆகலாம். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நாளே ஆகிவிடும். தவறான பக்கத்தை அனுப்பினால் காத்திருப்பு அவ்வளவு.

என்னை இன்றும் அசரவைப்பது இதில் எழுதும் பாதிதான். ‘ஃபைலில் எழுதியாயிற்று’ என்று புரோகிராம் நினைக்கும்போது பெரும்பாலும் அது டிஸ்க்குக்குப் போயிருக்காது. ரேமிலேயே ஒரு பக்கத்தில், ‘அழுக்கு’ என்று குறியிட்டு இருக்கும். வேறு அவசரம் இல்லையென்றால் லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதை அரை நிமிடம் வரை அப்படியே விட்டுவைக்கும். அதற்குள் கரண்ட் போனால் போனதுதான். அதனால் டேட்டாபேஸ் போன்றவை, ‘இப்போதே எழுது, எழுதிவிட்டு உறுதி சொல்’ என்று கேட்கும். அந்தக் கட்டளைக்கு எஃப்சிங்க் என்று பெயர்.

2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குகிறவர்கள் இதில் ஒரு பயங்கரமான ஓட்டையைப் பார்த்தார்கள். டிஸ்க்கில் எழுதுவது தோற்றுப்போனால் லினக்ஸ் ஒரு தடவை பிழை என்று சொல்லும். சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைச் ‘சுத்தம்’ என்று குறித்துவிடும். மறுபடி எஃப்சிங்க் கேட்டால், ‘எல்லாம் சரி’ என்று பதில் வரும். டேட்டாவோ டிஸ்க்கில் இல்லை! திரும்பக் கேட்டால் திரும்ப எழுதும் என்று அந்த டேட்டாபேஸ் பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தது. 2019-இல் மாற்றினார்கள்: எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயல வேண்டாம், டேட்டாபேஸ் தானே விழுந்து, மாற்றங்களைக் குறித்துவைத்திருக்கும் லாக்கைப் படித்து மீண்டு எழட்டும் என்று. உங்கள் மகள் படிக்கிற விஷயம் தெரியாமல் இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். விளம்பரங்களில் ‘கெர்னல்’, ‘ஸ்டோரேஜ்’, ‘டேட்டாபேஸ் எஞ்சின்’, ‘எம்பெடெட்’, ‘ஃபர்ம்வேர்’, ‘பெர்ஃபாமன்ஸ்’ என்ற சொற்களைத் தேடச் சொல்லுங்கள். சிப், எஸ்எஸ்டி, போன் தயாரிப்பவர்களுக்கும் கிளவுட் நிறுவனங்களுக்கும் இந்த ஆட்கள் வேண்டும். ஏஐ பக்கமும் கதவு மூடவில்லை. மொழி மாடல்களை ஓட்டும் விஎல்எல்எம் என்ற மென்பொருள் 2023-இல் வந்தது. ஏஐ கணக்குகளைப் போடும் ஜிபியு சிப்பின் நினைவகம் வீணாகாமலிருக்க அது கையாளும் உத்தி, பழைய பேஜிங்கேதான். அந்த உத்தியின் பேரிலேயே ‘பேஜ்ட்’ என்று வைத்திருக்கிறார்கள்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. கல்லூரிக்கு வந்து ஆளெடுப்பவர்கள் முதல் சுற்றில் இதையெல்லாம் கேட்பதில்லை. டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் என்றுதான் கேட்பார்கள். பிடித்த பாடத்தில் மூழ்கி அந்தச் சுற்றிலேயே வெளியேறிய கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் அதற்கு. இதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம்.

ஆசை நிஜமா, பரீட்சைப் பயத்துக்கு ஒளிந்துகொள்ளும் இடமா என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். “16 கேபி பக்கம் ஒன்றை டிஸ்க்கில் எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும்?” என்று சாப்பிடும்போது கேளுங்கள். பாதி புதுசும் பாதி பழசுமாகப் பக்கம் கிழிந்து கிடக்கும் என்பாள். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் அதே பக்கத்தை முதலில் வேறொரு இடத்தில் எழுதிவைத்துத் தப்பிப்பதைப் பற்றியும் சொல்லக்கூடும். உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, முகத்தைப் பாருங்கள். தட்டு காய்கிற வரை பேசினால் நிஜம்.

அப்புறம், வெறுமனே படித்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், காட்ட ஏதாவது வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது. அதில் பக்கத்தை டிஸ்க்குக்கு அனுப்பும் வசதி கிடையாது. அதை இவள் சேர்க்கட்டும். சி மொழியில்தான் எழுத வேண்டும், அதுவும் நல்லதுக்குத்தான். ரேமைக் குறைத்துக் குறைத்து ஓட்டி, எந்த இடத்தில் வேகம் படுத்துவிடுகிறது என்று அளந்து எண்களோடு குறித்து வைக்கட்டும். தோற்ற முயற்சிகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். நேர்காணலில் அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டி வரும்.

ஏஐ வகுப்புக்குப் பணம் கட்டுவதை இந்த செமஸ்டர் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். தேர்வு முடிந்ததும் அவளையும் அழைத்து வாருங்கள், லேப்டாப்போடு.