பேனா ஐயா

அன்புள்ள ஐயாவுக்கு,

வங்கியில் 34 ஆண்டு வேலை செய்து, கிளை மேலாளராக 60 வயதில் ஓய்வு பெற்றேன். செத்தாபாக்கில் சொந்த வீடு. பிள்ளைகள் வெளியூரில். சேமநிதிப் பணம் இருக்கிறது, குறையில்லை. பொழுதுதான் போகவில்லை. இரண்டு வருடமாகத் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறேன். போன மாதம் டெங்கி வந்து மூன்று வாரம் போகவில்லை. தினமும் பார்க்கிறவர்கள்தான், ஏன் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதியோர் நடவடிக்கை மையத்துக்கு ஒருநாள் போய்ப் பார்த்தேன். எனக்கு ஏற்ற ஆட்கள் அங்கே இல்லை. கீபோர்டு வகுப்பில் சேரலாமா, யோகா நல்லதா? தங்கள் ஆலோசனை வேண்டும்.

ஒரு வாசகர், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உடம்பு தேறிவிட்டதா? டெங்கி போனாலும் அசதி லேசில் விடாது. ஏரிப் பக்கம் போக அவசரப்படாதீர்கள்.

யோகா செய்யுங்கள், முதுகுக்கு நல்லது. கீபோர்டு வேண்டாம். என் மைத்துனர் வாங்கியதன் மேல் இப்போது இஸ்திரி போட்ட துணி அடுக்கியிருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருப்பது இன்று எல்லா வீட்டுக் கதையும்தான், அதை விடுவோம்.

‘எனக்கு ஏற்ற ஆட்கள் அங்கே இல்லை.’ இந்த வரியைத் தாண்ட முடியவில்லை ஐயா. யார் உங்களுக்கு ஏற்ற ஆள்? அங்கே லாரி ஓட்டியவர் இருந்திருப்பார், பள்ளிக்கூடம் கூட்டிய அம்மா இருந்திருப்பார். 60 வயதானால் போதும், அந்த மையத்துக்குப் பொறுப்பான சமூக நல இலாகா பதவி கேட்பதில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், மன்னிக்கவும். எந்தெந்தக் கிளை, உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று பதினோரு வரி இருந்தது. இரண்டு வருடம் கூட நடந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. உங்களுக்குக் காய்ச்சல் என்று யார் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், ஏரியா?

நம் ஆட்களிடம் இந்த வியாதி அதிகம். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் ‘ஓய்வு’ என்று போடுவார்கள். கோயிலில் தலைவர் பதவி என்றால் வருவார்கள், பந்தியில் தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டால் முட்டி வலி. நாற்காலியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்தவர் நீங்கள். உட்கார்ந்த தோரணையை மட்டும் ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்?

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அப்போதெல்லாம் 55 வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் ஆறு மாதம், வேலைக்குப் போகிற நேரத்துக்கு எழுந்து, பசியாறி, காலணி மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பார்க்கவே அம்மாவுக்குப் பயமாக இருக்கும். ஒருநாள் தபால் நிலையத்தில் ஒரு பாட்டி விண்ணப்பப் பாரம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். மறுநாளும் போனார். பிறகு தினமும் போனார்.

தோட்டங்களை விட்டு ஜனம் பட்டணத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். சேமநிதிப் பாரம், தொழிலாளர் காப்புறுதிக்கான சொக்சோ பாரம், எல்லாம் மலாய் மொழியில். அஞ்சடி நடைபாதையில் ஒரு முக்காலி, சட்டைப்பையில் இரண்டு பேனா, கைநாட்டுக்கு மைப்பெட்டி. இந்த மண்ணிலேயே கித்தா என்கிற ரப்பர் மரம் வெட்டிக் கிழவியானவர்கள் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வருவார்கள், குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனுப் போட. பிறந்த தேதி தெரியாது. “ஜப்பான்காரன் வந்தப்ப நான் சடங்கான புள்ள” என்பார் ஒருவர். அப்பா விரல் மடக்குவார். ஜப்பான்காரன் வந்தது 1941 டிசம்பர், சடங்கானது பதின்மூன்று வயதில் என்றால் 1928. கைநாட்டு வைத்த பெருவிரலை, எண்ணெய் தொட்ட பஞ்சால் அவரே துடைத்துவிடுவார். நிறைய மனு திரும்பி வந்தது. திரும்ப எழுதினார். காசு வாங்கமாட்டார். முருங்கைக்காய் வரும், சில நாள் கருவாடு வரும், அம்மா முகம் சுளிப்பார்.

நீங்கள் வங்கிக்காரர். இன்றைக்கும் கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறக்கத் தெரியாமல் பேரன் வரும்வரை காத்திருக்கிறவர்கள் அந்த மையத்தில் இருப்பார்கள். மோசடிக்காரனிடம் பணம் போனால் உடனே 997க்கு அழைக்க வேண்டும் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 34 ஆண்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு கீபோர்டு கற்றுக்கொள்ளக் கிளம்புகிறீர்கள்.

அப்பா ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி, எழுந்திருக்கக் கூடாது என்றார் மருத்துவர். நான்காம் நாள் வாசலில் இரண்டு அம்மாக்கள். ஒருவர் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாரம். செந்தூல் பாசாரிலிருந்து கடை கடையாக விசாரித்து வந்திருக்கிறார்கள். “பேனா ஐயா வீடு இதுங்களா? மூணு நாளா ஆளக் காணோமே.” அவர்களுக்கும் அப்பாவின் பெயர் தெரியாது. மேலே பெயருக்காக உங்களைத் திட்டியது இங்கே கொஞ்சம் இடிக்கிறது, போகட்டும்.

படுக்க வேண்டியவர், படுத்தபடியே மூக்குக் கண்ணாடி எங்கே என்று அம்மாவைக் கேட்டார்.

அன்புடன்.