சொல் கேளுங்கள்: பிறரை ஆபத்துக்கு உள்ளாக்குதல்

கேள்வி: இங்கே பிரான்சின் ரெயூனியோன் தீவில், புயல் காலத்துக்கு முன் எங்கள் கோயில் வாசலில் பிரெஞ்சிலும் தமிழிலும் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கிறோம். 'வெள்ளத்தில் ராடியேவைக் கடப்பவர் மற்றவர்களையும் ஆபத்தில் வைக்கிறார்' என்று எழுதினோம் (ராடியே என்பது ஓடையைக் கடக்கும் தாழ்வான பாதை). 'ஆபத்தில் வைப்பது' தமிழே இல்லை என்கிறார் பெரியவர் ஒருவர். 'இடர்ப்படுத்துகிறார்' என்று மாற்றிவிடலாமா?
(வாசகி, சேன் அந்த்ரே)

பதில்: பெரியவர் சொன்னது சரி. 'மெத்ர் ஆன் தான்ஷே' என்ற பிரெஞ்சுத் தொடரில் 'மெத்ர்' என்றால் 'வை'. அது அப்படியே உங்கள் பலகையில் வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழில் பானையை அடுப்பில் வைப்போம், பணத்தை வங்கியில் வைப்போம். ஆளை ஆபத்தில் தள்ளுவோம், சிக்கவைப்போம், ஆபத்துக்கு உள்ளாக்குவோம்.

'இடர்ப்படுத்து' இலக்கணப்படி பிழையில்லை. இடர்ப்படு தன்வினை, இடர்ப்படுத்து பிறவினை. ஆனால் இடர் என்றதும் பழகிய காதுக்கு முதலில் கேட்பது துன்பம். 'மற்றவர்களை இடர்ப்படுத்துகிறார்' என்று படிப்பவர், யாரோ தொல்லை கொடுக்கிறார் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார். நிதி, காப்பீடு பற்றிய எழுத்தில் 'நேரக்கூடிய இழப்பு' என்ற பொருளில் இடர் நன்றாகப் பொருந்தும். உயிர் காக்கும் பலகைக்கு ஆபத்துதான் வேண்டும், அது குழந்தைக்கும் புரியும்.

இனி வேற்றுமை உருபு. உள்ளாக்கு என்ற வினைக்கு 'யாரை', 'எதற்கு' என்ற இரண்டும் தேவை: பயணிகளை ஆபத்துக்கு உள்ளாக்கினார். 'பயணிகளுக்கு' என்று தொடங்கினால் வினையையும் மாற்ற வேண்டும்: பயணிகளுக்கு ஆபத்து விளைவித்தார். இரண்டையும் கலந்து 'பயணிகளுக்கு ஆபத்தை உள்ளாக்கினார்' என்று எழுதுவதுதான் அடிக்கடி கண்ணில் படும் பிழை.

பலகை எழுதுபவரிடம் 'க்கு' என்ற இரண்டு எழுத்துகளைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். 'உள்ளாகிறார்' என்றால் தானே சிக்குகிறார். 'உள்ளாக்குகிறார்' என்றால் பிறரைச் சிக்கவைக்கிறார். 'மற்றவர்களை ஆபத்துக்கு உள்ளாகிறார்' என்று எழுதிவிட்டால் வாக்கியமே குலைந்துவிடும். இடம் போதாமல் வரியை உடைக்க நேர்ந்தால் 'ஆபத்துக்கு / உள்ளாக்குகிறார்' என்று உடையுங்கள். 'ஆபத்துக்குள் / ஆக்குகிறார்' என்று உடைத்தால் சொல் வேறாகிவிடும்.

'மற்றவர்கள்' என்பதும் மொட்டையாக நிற்கிறது. யார் அந்த மற்றவர்கள்? பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகள், கயிறு கட்டி இறங்கப்போகும் தீயணைப்பு வீரர்கள். ரவீனுக்கு, அதாவது ஓடைப் பள்ளத்துக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட கான்கிரீட் பாதைதான் ராடியே. அதன்மேல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் ஓடினாலே போதும், கார் மிதக்கத் தொடங்கும், டயரின் பிடி விட்டுப்போகும். கலங்கல் தண்ணீரில் பாதை அரித்துப்போயிருப்பதும் தெரியாது. புயலுக்கான மிக உயர்ந்த நிலையான ஊதா எச்சரிக்கை வந்துவிட்டால் மீட்புப் படையும் வெளியே வரக்கூடாது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது ரெயூனியோனில் முதன்முறையாக அந்த எச்சரிக்கை விடுத்தார்கள். அந்த நேரத்தில் காரோடு சிக்கியவரைத் தேடி வர ஆளே இராது. எனவே இப்படி எழுதுங்கள்:

'ராடியேவில் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். 30 சென்டிமீட்டர் தண்ணீரே காரை அடித்துச் செல்லும். கடப்பவர், உடன் வருபவர்களையும் மீட்க வருபவர்களையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.'

கேள்வி: 'பணயம் வைத்தல்' என்பதும் இதே பொருள்தானே?
(வாசகர், சேன் பியேர்)

பதில்: பக்கத்தில் வரும், ஒன்றாகாது. பணயம் என்பது சூதாட்டத்தில் வைக்கும் பொருள். நம் ஊரில் பாண்டியாலேக்கு, அதாவது திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதையில் தருமன் பாஞ்சாலியைப் பணயம் வைக்கிறான். ஏதோ ஒன்றை வெல்ல நினைத்து வைப்பதே பணயம். அதனால் 'தன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்' என்றால் பாராட்டு, 'தொழிலாளர் உயிரைப் பணயம் வைத்து லாபம் பார்த்தார்' என்றால் குற்றச்சாட்டு. ஆதாயம் எதுவும் தேடாமல் வெறும் அசட்டையால் ராடியேவில் இறங்கியவர் எதையும் பணயம் வைக்கவில்லை. அவருக்கு 'உள்ளாக்கினார்' போதும்.

கேள்வி: நீதிமன்றத் தாள்களில் வரும் 'மீஸ் ஆன் தான்ஷே த லா வீ தோத்ருயி' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? யாருக்கும் அடிபடாவிட்டாலும் அது குற்றமா?
(வாசகர், சேன் தெனி)

பதில்: 'பிறர் உயிரை ஆபத்துக்கு உள்ளாக்கல்'. இதில் 'பிறர்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தன்னை மட்டும் ஆபத்தில் சிக்கவைத்துக்கொண்டவர்மேல் இந்தக் குற்றம் சாராது.

ஆம், அடிபடாவிட்டாலும் குற்றமே. 1994 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 223-1ஆம் பிரிவு இங்கும் செல்லும். தண்டனை 1 ஆண்டு சிறை, 15,000 யூரோ அபராதம். ஆனால் வெறும் கவனக்குறைவு போதாது. சட்டமோ அரசாணையோ குறிப்பாக விதித்த பாதுகாப்புக் கடமை ஒன்று இருக்க வேண்டும், அதை வேண்டுமென்றே மீறியது தெளிவாகத் தெரிய வேண்டும், மரணமோ நிரந்தர ஊனமோ நேரக்கூடிய உடனடி ஆபத்தில் ஒருவர் நேரடியாக நின்றிருக்க வேண்டும். ஆகவே மொழிபெயர்க்கும்போது 'தீங்கு விளைவித்தல்' என்று எழுதிவிடாதீர்கள். தீங்கு விளைந்ததாக அது சொல்லும், சட்டம் அதைக் கேட்கவில்லை.

கேள்வி: 'ரோட்டில் ஆபத்து நடந்தது' என்று என் மகள் எழுதுகிறாள். சரியா?
(வாசகி, சேன் போல்)

பதில்: நடந்துவிட்டால் அது விபத்து. ஆபத்து வரும், சூழும், நீங்கும், ஆனால் நடக்காது. 'ரோட்டில் விபத்து நடந்தது, ஓட்டியவர் உயிருக்கு ஆபத்து இல்லை' என்று ஒரே வரியில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.